வெட்டாத சென்டிமீட்டர்

அத்தியாயம் 14

ஏஞ்சலம்மாளின் வலது முழங்காலின் விலை நாலு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய்.

அறுபத்திரண்டு வருடங்களுக்கு முன் கர்த்தர் இனாமாகக் கொடுத்த பொருள் அது. செம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி அதற்கு இப்போது விலைச்சீட்டு கட்டித் தொங்கவிட்டிருந்தது. அறை வாடகை, மருந்து, மூன்று நாள் சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம். இடது முழங்காலுக்குத் தனி.

தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் அவளுடைய பாத்திரக் கடையில் எந்தப் பொருளும் சொன்ன விலைக்குப் போனதில்லை. வந்தவர்கள் பாதிக்குக் கேட்பார்கள். அவள் முக்காலில் முடிப்பாள். இரண்டு தரப்பும் ஏமாந்த முகத்தை வைத்துக்கொண்டு சந்தோஷமாகப் பிரியும். அந்தக் கடையின் கல்லாவில் பத்து வருடமாக உட்கார்ந்திருக்கும் மகன் அஜின், ஆஸ்பத்திரிக்காரன் சொன்ன விலையைச் சொன்னபடியே ஒப்புக்கொண்டு வந்திருந்தான். போன வாரத்திலிருந்து முழங்கால் வலியை அது தூக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

போன வாரம் தெருவிலிருந்த தமிழர் சங்கத்து ஹாலில் மூட்டுவலி முகாம் போட்டார்கள். வேல்ராஜ் என்று ஒருத்தன், திருநெல்வேலிக்காரன், கழுத்தில் செம்பூர் ஆஸ்பத்திரியின் அடையாள அட்டை தொங்க வாசலில் நின்று வரிசைப்படுத்தினான். இலவசப் பரிசோதனை, இலவச எக்ஸ்ரே படம், இலவச சுக்குக் காபி. "சின்ன வெட்டு ஆபரேஷன்க்கா. மூணாம் நாள் நடக்கலாம், மூணாம் வாரம் ஏணி ஏறலாம்" என்றான். மறுநாளே அஜின் செம்பூருக்குப் போய் ஒரு லட்சத்து இருபதாயிரம் முன்பணம் கட்டியாயிற்று என்று வியாழக்கிழமைக்கு நாள் குறித்துக்கொண்டு வந்தான்.

இன்று திங்கள்.

ஏணி என்ற சொல்லில்தான் ஏஞ்சலம்மாள் விழுந்திருந்தாள். கடை கீழே, வீடு மேலே. நடுவில் செங்குத்தாகப் பதினெட்டுப் படி இரும்பு ஏணி. காலையில் ஒரு தடவை இறங்குவாள், இரவில் ஒரு தடவை ஏறுவாள். இப்போதெல்லாம் ஏறுவதற்கு இருபது நிமிடம் ஆகிறது. ஏற முடியாமல் போகும் அன்று அவள் யாராவது ஒரு பிள்ளையின் வீட்டு ஹாலில் மூலைக்கட்டிலில் படுக்க வேண்டும். கடை அவள் கையை விட்டுப் போகும். அதைவிட இரண்டு காலையும் வெட்டிப்போடலாம் என்று அவள் வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்கு நவி மும்பை நெருளிலிருந்து மகள் லிசா வந்து சேர்ந்தாள். இன்சூரன்ஸ் கம்பெனியில் ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் வேலை. அரைநாள் லீவு போட்டிருந்தாள். அரைநாள் லீவு போடும் பெண் இல்லை அவள்.

"எம்மா, கெளம்பு. மாட்டுங்காவுல ஒரு டாக்டர்கிட்ட நேரம் வாங்கிருக்கேன்."

கவிழ்த்துப் போட்ட குண்டானின் மேல் வலது காலை நீட்டி வைத்திருந்த ஏஞ்சலம்மாள் அசையவில்லை. "எதுக்கு? நாள் குறிச்சாச்சு. பயானா குடுத்தாச்சு."

அந்தத் தெருவில் முன்பணத்துக்குப் பயானா என்று பெயர். பயானா கைமாறிய பின் பேச்சை மாற்றியவனுக்கு அப்புறம் யாரும் சரக்குத் தரமாட்டார்கள்.

"தினம் நாப்பது முழங்கால் பில்லு பாக்கேன்மா. டிரஸ்ட் ஆஸ்பத்திரில வழக்கமான ஆபரேஷன் ரெண்டு அறுவது. உனக்கு மட்டும் எதுக்கு நாலு எம்பது?"

"அது சின்ன வெட்டாம்ட்டி."

"எவ்வளவு சின்னது?"

ஏஞ்சலம்மாள் வேல்ராஜ் கொடுத்த வழவழப்பான காகிதத்தைக் கல்லாவிலிருந்து எடுத்துப் பார்த்தாள். சின்ன வெட்டு பன்னிரண்டு சென்டிமீட்டர். வழக்கமான வெட்டு இருபத்திரண்டு. இரண்டு முழங்கால்களின் படம் போட்டு, ஒன்றின் மேல் சிரிக்கிற பெண்ணையும் மற்றதன் மேல் அழுகிற பெண்ணையும் அச்சடித்திருந்தார்கள்.

அவள் உதடுகள் அசைந்தன. காகிதம் பேனா தொடாமல் கணக்குப் போடும்போது அவை அப்படி அசையும்.

"வித்தியாசம் ரெண்டு லட்சத்து இருபதாயிரம். பத்து சென்டிமீட்டர். சென்டிமீட்டருக்கு இருபத்திரெண்டாயிரம்."

"ஆமா."

"வெட்டுனதுக்குக் காசு கேட்டா குடுக்கலாம். இவன் வெட்டாததுக்குல்லா கேக்கான்." குண்டானிலிருந்து காலை இறக்கினாள். "செருப்ப எடு."

கடையின் பின்பக்கம் சாக்குப் பிரித்துக்கொண்டிருந்த அஜின் எட்டிப் பார்த்தான். "எம்மா, எங்க கெளம்புத? இன்னைக்கு வேல்ராஜ் அண்ணன் வருவாரு, மிச்சப் பணம் பேச."

"வரட்டும். இருக்கச் சொல்லு."

"ஏ லிசா, நீ எதுக்குத் தேவையில்லாம டென்ஷன் குடுக்க? எல்லாம் செட் ஆயிருச்சு."

"அம்மா கால வச்சு செட் பண்ணிருக்க. அம்மாட்ட கேட்டியா? யாரு பைசான்னு இவ்வளவு தாராளமா இருக்க?"

அஜின் முகம் சட்டென்று மாறியது. "பைசாவப் பத்தி நீ பேசாத" என்று சொல்லிவிட்டுச் சாக்கின் பக்கம் திரும்பிக்கொண்டான். சாதாரணமாக அவன் இரண்டு வார்த்தையில் நிறுத்துகிற ஆள் இல்லை. ஏஞ்சலம்மாள் அதைக் கவனித்தாள். செருப்பு மாட்டும் வலியில் மறந்தும் போனாள்.

டாக்டர் மகாதேவனின் கிளினிக் மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் பின்னால், பூக்கடைகளைத் தாண்டி, ஒரு பழைய கட்டிடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. வாசலில் மூன்றே படி. டாக்ஸியிலிருந்து இறங்கி அந்த மூன்று படியை ஏற ஏஞ்சலம்மாளுக்கு லிசாவின் தோள், சுவர், இரண்டு தடவை இயேசுவின் நாமம் எல்லாம் தேவைப்பட்டன.

ஆனால் டாக்டர் அறையின் கதவைத் திறந்ததும் லிசாவின் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நேராக, விறைப்பாக, கல்யாண வீட்டில் மொய் எழுதப் போகிறவள்போல நடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வலி எப்படி இருக்கு?"

"கொஞ்சம்தான். எப்பவாச்சும்."

"படி ஏற முடியறதா?"

"ஏறுதேனே."

எழுபது வயது டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அம்மா, அந்த ஜன்னலைப் பாருங்கோ. அதுவழியா வாசல்படி தெரியறது. நீங்க ஏறின மூணு படியையும் நான் பாத்துண்டுதான் இருந்தேன். இப்போ சொல்லுங்கோ, வைத்தியத்துக்கு வந்தேளா, பேரம் பேச வந்தேளா?"

லிசா தாயைப் பார்த்தாள். தாய் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தாள்.

"முகாம்லயும் இப்படித்தான் நடந்து காமிச்சேளா?"

ஏஞ்சலம்மாள் சேலைத் தலைப்பை இழுத்து முழங்காலை மூடினாள்.

நாற்பது வருட வியாபாரத்தில் ஏஞ்சலம்மாள் மாற்றாத சட்டம் ஒன்று உண்டு. வாங்கப் போகிற இடத்தில் அது தனக்கு வேண்டும் என்று முகத்தில் காட்டக் கூடாது. காட்டினால் பத்து சதவீதம் ஏறும். மொத்தக் கடைக்குச் சரக்கெடுக்கப் போனால் தேவையான பாத்திரத்தைத் திரும்பியே பார்க்கமாட்டாள். வேண்டாததைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் போகிற போக்கில், 'அது என்ன விலை' என்பாள். முகாமிலும் அந்தச் சட்டத்தைத்தான் நடத்தினாள். மூச்சைப் பிடித்து நேராக நடந்தாள். வலி கொஞ்சம் என்றாள். 'செஞ்சாலும் சரி, செய்யாட்டியும் சரி' என்ற முகத்தோடு உட்கார்ந்து சுக்குக் காபி குடித்தாள்.

அவள் விலையைக் குறைத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் 'கோணல் குறைவு, சின்ன வெட்டுக்கு ஏற்றது' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, என்ன காரியம் பண்ணிருக்க?" லிசா நாற்காலியைத் தாயின் பக்கம் திருப்பினாள். "அங்க போய் நடிச்சியா?"

"சும்மா இருட்டி. டாக்டர் பேசுதாவ."

முகாமில் எடுத்த படத்தை டாக்டர் விளக்கில் செருகினார். "இதைப் படுக்க வெச்சு எடுத்திருக்கா. கால்ல எடை விழாதபோது எல்லார் முழங்காலும் ஒழுங்காத்தான் தெரியும்." உள்ளறைக்கு அனுப்பி, நிற்கவைத்து வேறு படம் எடுக்கச் சொன்னார். அரைமணி நேரத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார்.

ஒன்று ஏதோ ஒரு பெண்ணின் கால். இன்னொன்று அரிவாள்மணை. இடுப்பிலிருந்து கிளம்பி முழங்காலில் வெளிப்பக்கம் வளைந்து மறுபடி உள்ளே வந்தது. எலும்பும் எலும்பும் ஒரு பக்கத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. அந்த வளைவின் மேல்தான் பதினோரு வருடமாகக் காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை அவள் நின்றுகொண்டிருந்தாள்.

ஏஞ்சலம்மாள் அந்த வளைவை விரலால் ஒரு தடவை அளந்தாள். பிறகு கடைக்காரியின் குரலில் கேட்டாள்: "ரெண்டு ஆபரேஷனுக்கும் உள்ள வைக்கிற சாமான் வேறயா?"

"ஒரே சாமான். அதே உலோகம், அதே பிளாஸ்டிக். வாசல்தான் வேற. சின்ன வெட்டுல தொடைச் சதையை அதிகம் அறுக்காம ஒதுக்கிண்டு போவா. நல்ல விஷயம்தான். முதல் ஒரு மாசம், ஒன்றரை மாசம் வலி குறைச்சலா இருக்கும், சீக்கிரம் நடப்பா. ஆறு மாசம், ஒரு வருஷம் கழிச்சு ரெண்டு பேரை நிறுத்தினா யாருக்கு எதுன்னு என்னால சொல்ல முடியாது. தழும்பைப் பாத்தாத்தான் தெரியும்."

"அப்ப சின்னதே போட வேண்டியதுதானே?"

"ஒல்லியா, கால் நேரா இருக்கறவாளுக்குப் போடலாம். நானே போடறேன். உங்களுக்கு வளைவு ஜாஸ்தி. எடை எம்பத்தி நாலு. சர்க்கரை வேற. வளைஞ்சதை நேராக்கணும்னா எலும்போட நாலு பக்கமும் கண்ணுக்குத் தெரியணும். சின்ன வாசல்ல அது கஷ்டம். கொஞ்சம் கோணலா உக்காந்துதுன்னா பதினஞ்சு இருபது வருஷம் வரவேண்டியது சீக்கிரமே தேஞ்சுபோயிடும்."

ஏஞ்சலம்மாள் தலையை ஆட்டினாள். "குடத்துக்குள்ள கைய விட்டுத் தேய்க்கிறதும் குண்டானத் தேய்க்கிறதும் மாதிரி."

"அதேதான். உங்களது அடிப்பிடிச்ச பாத்திரம். எனக்கு வாய் அகலமா வேணும்."

"ஏணி ஏறலாமா?"

"மூணாம் வாரம்னு சொன்னவன் அதை ஏறிப் பாத்திருக்க மாட்டான். மூணு மாசம் ஆகட்டும். ரெண்டு பக்கமும் கைப்பிடி வெச்சு, மெதுவா."

"ஜெபத்துக்கு முழங்கால் போடலாமா?"

"எந்த வெட்டா இருந்தாலும் அது சிரமம். சிலபேர் மெத்தை போட்டுண்டு போடறா. நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

தன் சரக்கின் குறையைத் தானே எடுத்துச் சொல்கிற வியாபாரியை அவள் இதுவரை பார்த்ததில்லை. முதலில் சந்தேகப்பட்டாள். டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் அடுத்த மாதம் மூன்றாம் தேதி, ரெண்டு லட்சத்து அறுபதாயிரம், அவரே செய்வார் என்றதும் வழக்கம்போல ரெண்டு நாற்பதுக்குக் கேட்டாள். "அது டிரஸ்ட் போட்ட ரேட். எனக்கே குறைக்க மாட்டா" என்றார் அவர். பேரம் படியாதபோது வருகிற ஒரு மரியாதை அவளுக்கு வந்தது.

திரும்பும் டாக்ஸியில் அவள் இரண்டு படங்களும் இருந்த உறையை மடியில் வைத்திருந்தாள். தாராவி சிக்னலில் வண்டி நின்றபோது வாயைத் திறந்தாள்.

"நாப்பது வருஷம் யாருகிட்டயும் ஏமாந்தது இல்லட்டி. கடைசில என்னையே ஏமாத்திட்டேன்."

"அவங்க நிக்கவச்சு எடுத்திருக்கணும்மா. அது அவங்க வேல."

"அது வேல்ராஜ் தப்பு. அதுக்கு அவன வச்சிக்கிடுதேன்." ஜன்னல் பக்கம் பார்த்தாள். "சொன்ன விலைக்குச் சரின்னு வந்தான் பாரு ஒருத்தன். மொதல்ல அவன்."

மூன்று மணிக்குக் கடையில் கூட்டம் இல்லை. அஜின் ஒரு பெண்ணுக்கு இட்லிக் கொப்பரையைக் காட்டிக்கொண்டிருந்தான். தொள்ளாயிரம் சொல்லி, அவள் அறுநூறு கேட்டு, எழுநூற்றைம்பதில் நிற்கையில் ஏஞ்சலம்மாள் உள்ளே வந்தாள். பெண் கொப்பரையோடு போகும்வரை காத்திருந்தாள். வியாபாரத்தின் நடுவே சண்டை போட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

"நூத்தம்பது ரூவாய்க்கு அந்தப் புள்ளையோட பத்து நிமிஷம் மல்லுக்கட்டுனியே. ரெண்டு லட்சத்துக்கு ஏம்ல வாயத் தொறக்கல?"

"எம்மா…"

"சொல்லுல. ஆஸ்பத்திரிக்காரன் நாலு எம்பதுங்கான். நீ என்ன சொன்ன?"

"சரின்னேன்."

"நாலுக்குக் கேட்டியா?"

"இல்ல."

"ரெண்டு ஆஸ்பத்திரில விசாரிச்சியா?"

அஜின் துண்டால் முகத்தைத் துடைத்தான். "சட்டி பானையாம்மா அது? உன் கால்மா. அம்மா காலுக்குப் போய் பேரம் பேசுனான், மலிவானத வாங்கிப் போட்டான்னு நாளைக்கு ஊர்ல ஒருத்தன் சொல்லக் கூடாதுல்லா. வெல அதிகம்னா சரக்கு நல்லதுன்னு நெனச்சேன்."

"அப்படி நெனைக்கிறவன் வாங்க வாரவன்ல. விக்கிறவ மகன் அப்படி நெனைக்கலாமா?"

"நீ மட்டும் என்ன செஞ்ச? நீ படம் எடுக்கையில லிசா போன்ல சொன்னா. முகாம்ல ஓட்டப்பந்தயத்துக்குப் போற மாதிரி நடந்தியாமே."

ஏஞ்சலம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். லிசா அலமாரியில் இருந்த டிபன் கேரியரை ஒழுங்குபடுத்தினாள்.

"நடந்தேன். காசக் கொறைக்க நடந்தேன். யாரு காச? உன் காச. எனக்காக நீ கடன்பட்டு நிக்கக் கூடாதுன்னு அந்த ஹாலுக்குள்ள பல்லக் கடிச்சிட்டு நடந்தேன். நீ என்னன்னா அவன் கேட்டதத் தூக்கிக் குடுத்திட்டு வந்திருக்க. ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டியா? வெட்டுறது யாரு காலு? பெரிசா வெட்டவா சின்னதா வெட்டவான்னு ஆஸ்பத்திரிக்காரன் பேசுதான், வேல்ராஜ் பேசுதான், நீ பேசுத. கால் இங்க இருக்கு. அதுகிட்ட ஒருத்தனும் பேசல."

அவள் குரல் உயரவில்லை. அடுக்கிவைத்த எவர்சில்வர் தட்டுகளில் எதிரொலி மட்டும் கேட்டது. அஜினுக்கு அம்மா கத்தினால் பழக்கம். இப்படிப் பேசினால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது.

அந்த நேரம் பார்த்து வேல்ராஜ் வந்தான். மடிப்புக் கலையாத சட்டை, அதே அடையாள அட்டை, கையில் ஒரு பை ஆரஞ்சு.

"என்னக்கா, வியாழக்கிழமைக்கு ரெடியா?"

"உக்காரு தம்பி." ஏஞ்சலம்மாள் நாற்காலியைக் காட்டினாள். ஆரஞ்சு பையை வாங்கி எடை பார்ப்பதுபோல ஒரு நொடி தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். "எனக்குப் பெரிய வெட்டு போட்டா உங்க ஆஸ்பத்திரில எவ்வளவு?"

வேல்ராஜ் அஜினைப் பார்த்தான். உதவி வரவில்லை. "அது மூணு எழுவதுக்கா. ஆனா உங்களுக்கு எதுக்கு பெரிசு?"

"உள்ள வைக்கிற சாமான் அதேதானே?"

"அதே கம்பெனிதான்."

"அப்ப மேல ஒரு லட்சத்துப் பத்தாயிரம் எதுக்கு?"

"டெக்னிக்குக்கா. ஸ்பெஷல் கருவி. அப்புறம் தழும்பு சின்னதா, அழகா இருக்கும்."

"எனக்கு அறுவத்திரெண்டு வயசு. என் முழங்கால எவன்ல பாக்கப் போறான்?"

லிசாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். ஏஞ்சலம்மாள் உறையிலிருந்து இரண்டு படங்களையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது நீங்க படுக்கவச்சு எடுத்தது. இது நிக்கவச்சு எடுத்தது. நான் நடக்கிறவ தம்பி. படுத்துக்கிட்டுப் பாத்திரம் விக்கல. இதப் பாத்துட்டு எவனாச்சும் எனக்குச் சின்ன வெட்டுன்னு எழுதுவானா?"

"அக்கா, டாக்டர்ங்க விஷயம், நான் என்னத்தச் சொல்ல…"

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். பயானாவத் திருப்பிக் குடு."

"கேன்சல் பண்ணுனா பதினஞ்சு பெர்சென்ட் பிடிப்பாங்கக்கா. ரூல்."

"பிடி. நான் இந்த ரெண்டு படத்தையும் சங்கத்து போர்டுல ஒட்டுதேன். அடுத்த முகாமுக்கு நீ தனியா சுக்குக் காபி குடி."

வேல்ராஜ் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு ரோட்டோரம் போனான். பத்து நிமிடம் ஹிந்தியில் யாரிடமோ கெஞ்சினான். முகாமில் தான் நடந்த நடையைப் பற்றி ஏஞ்சலம்மாள் அவனிடம் மூச்சு விடவில்லை. விற்க வந்தவனிடம் அதையெல்லாம் சொல்வது வழக்கமில்லை.

திரும்பி வந்தபோது அவன் முகம் வேர்த்திருந்தது. "முழுசா குடுத்திருதாங்க. உங்களுக்காகத்தான்க்கா."

தன் வாழ்நாளில் பயானாவைத் திருப்பி வாங்குவது இதுதான் முதல் தடவை. ஏஞ்சலம்மாள் கையை நீட்டினாள்.

"ரொக்கமா வராதுக்கா. கட்டினவர் அக்கவுண்டுக்குத்தான் திரும்பிப் போகும். அவரு வந்து ஒரு கையெழுத்துப் போடணும்."

"இந்தா நிக்கான். போடச் சொல்லு."

வேல்ராஜ் அஜினைப் பார்த்தான். அஜின் தரையைப் பார்த்தான்.

"இவரு கட்டலையேக்கா. இவரு கூட வந்தாரு. கட்டினது வேற ஆளு. பெரியவரு ஒருத்தரு."

ஏஞ்சலம்மாள் நீட்டிய கையை மடக்கவில்லை.

"ரசீதக் காட்டு."

அஜின் ஒரு அடி முன்னால் வந்தான். "எம்மா, நான் சொல்லுதேன். மேல போய்ப் பேசுவோம்…"

"மேல போக எனக்கு இருபது நிமிஷம் ஆகும். ரசீதக் காட்டு."

வேல்ராஜ் போனை நீட்டினான். ரசீது இங்கிலீஷில் இருந்தது. ஏஞ்சலம்மாளுக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் ஒரே ஒரு பெயரை மட்டும் இங்கிலீஷில் எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும். அது அவள் தலைக்கு மேலே, கல்லாவுக்குப் பின்னால், கண்ணாடிச் சட்டத்துக்குள் கடை நடத்த அனுமதிக்கும் குமாஸ்தா லைசன்ஸில் பதினோரு வருடமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று மாற்றாமலே விட்ட பெயர்.

அமிர்தநாதன்.

அவள் புருஷன். தெருவில் முப்பத்தொரு பேரிடம் சீட்டுப் பிடித்து, ஒன்பது லட்சத்து நாற்பதாயிரத்தைத் தொலைத்துவிட்டு, ஒரு ஜூலை மாதத்துக் காலையில் கடைச் சாவியைக் கல்லாவின் மேல் வைத்துவிட்டுப் போனவர். முப்பத்தொரு பேரும் வாசலில் வந்து நின்றார்கள். அவள் 'தருகிறேன்' என்று ஒரு வார்த்தை சொன்னாள். ஏழு வருடம் நின்று கொடுத்தாள். நின்றே கொடுத்தாள்.

வேல்ராஜ் வீட்டு விஷயம் என்று புரிந்துகொண்டு, ஆரஞ்சையும் விட்டுவிட்டு நழுவினான்.

"எங்க இருக்காரு?"

அஜின் வாயைத் திறக்கும் முன் லிசாவைப் பார்த்தான். அந்தப் பார்வை போதுமாக இருந்தது. ஏஞ்சலம்மாள் மெல்ல மகள் பக்கம் திரும்பினாள்.

"நெருள்லயா?"

லிசா தலைகுனிந்தாள். "ஒன்றரை வருஷமா. எங்க வீட்டுலேந்து ரெண்டு பில்டிங் தள்ளி, வாட்ச்மேனா. இருக்காருன்னு எனக்குத் தெரியும்மா. பணம் கட்டினது சத்தியமா தெரியாது."

"அவராவே குடுக்கேன்னாரும்மா" என்றான் அஜின். அவன் குரல் பள்ளிக்கூடப் பையனின் குரலாகிவிட்டது. "கால் விஷயம் தெரிஞ்சு போன் பண்ணுனாரு. சேத்துவச்ச பைசான்னாரு. அவரு நீட்டுன பைசாவ வச்சு அங்க நின்னு பேரம் பேச எனக்கு வாய் வரல. பேசாம சரின்னுட்டேன்."

அப்படியானால் அவன் சும்மா இருந்ததற்குக் காரணம் இருந்தது. அது அவள் கோபத்தைக் குறைக்கவில்லை. அதற்கு ஒரு விலாசம் கொடுத்தது.

"நிக்க வச்சவரே ரிப்பேருக்கு அட்வான்ஸ் குடுத்திருக்காரு" என்றாள். "நீங்க ரெண்டு பேரும் வாங்கிட்டு வந்து என் காலடியில வச்சிருக்கீங்க."

"எம்மா, அவரு திருந்திட்டாரும்மா. வயசாயிருச்சு."

"எனக்கு ஆகலியா?"

ஏஞ்சலம்மாள் அஜின் கையிலிருந்த போனைக் காட்டினாள்.

"போன் போடு. நாளைக்குக் காலைல கடை தொறக்கையில வரட்டும். கையெழுத்துப் போட்டு அவரு பைசாவ அவரே வாங்கிட்டுப் போவட்டும். அவரு காசுல என் கால நேராக்க மாட்டேன்."

"வந்தா என்ன பேசுவம்மா?"

"நாற்காலி போட மாட்டேன். கல்லாவுக்கு இந்தப் பக்கம், நான் நின்ன எடத்துல நிக்கட்டும். மணி ஒம்பதுலேந்து ஒம்பது. அப்புறம் பேசுதேன்."

அஜின் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். லிசா ஒரு ஆரஞ்சை உரித்து அம்மாவிடம் நீட்டினாள். அம்மா வாங்கவில்லை. மகள் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

ஏஞ்சலம்மாள் காலைக் குண்டானின் மேல் தூக்கி வைத்தாள். கல்லாவின் அடியிலிருந்து பேரேட்டை எடுத்தாள். நாலு வருடத்துக்கு முன் முப்பத்தொன்றாம் ஆளுக்குக் கொடுத்து முடித்த அன்று குறுக்குக் கோடு போட்டு மூடிய பக்கத்தைத் தேடித் திறந்தாள். அந்தக் கோட்டுக்குக் கீழே புதிதாக எழுதினாள்.

அமிர்தநாதன் கணக்கு.

பற்று: சீட்டுக் கடன் அவருக்காகக் கொடுத்தது, 9,40,000.

பற்று: முழங்கால், வலது 1, இடது 1.

பற்று: நின்ற வருடம் 11. கூலி போடவில்லை.

வரவு: ஆஸ்பத்திரி முன்பணம், 1,20,000. கேட்காமல் வந்தது. நாளை திருப்பப்படும்.

முழங்காலுக்கு நேராக விலை எழுதும் இடத்தில் பேனா நின்றது. நாலு எண்பது என்று ஒருத்தன் சொல்லியிருந்தான், ரெண்டு அறுபது என்று இன்னொருத்தர். இரண்டும் ரிப்பேருக்குச் சொன்ன விலை. அவள் அந்த இடத்தைக் காலியாக விட்டாள்.

பாக்கி: ஒன்பது லட்சத்து நாற்பதாயிரமும், மேலே எழுதாமல் விட்டதும்.